பிரவுசர் பூசி மெழுகும் பிழைகள்



முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும். முதன்முதலாகத் தைத்த சட்டையில் கை நுழையாது. வலைப்பக்கம் எழுதப் பழகுகிறவருக்கு மட்டும் முதல் நாளே எல்லாம் கூடி வந்துவிடுகிறது. நோட்பேடைத் திறந்து நாலு வரி எச்டிஎம்எல் எழுதி, சேமித்து, பிரவுசரில் திறந்தால் பக்கம் வந்து நிற்கிறது. அந்த நாலு வரியில் மூன்று பிழை இருந்தாலும் வந்து நிற்கிறது. ஆறு மாதம் கழித்து அதே ஆள் சான்றிதழ்த் தேர்வுக்கு உட்காருகிறார். தினமும் தன் கையால் எழுதிய வரியைப் பற்றியே கேள்வி வருகிறது. விடை தெரியாமல் விழிக்கிறார். சோம்பேறி என்று அவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அவர் செய்த பிழைகளை அதுவரை யாரும் அவரிடம் சொன்னதே கிடையாது. பிரவுசர் அத்தனையையும் சத்தமில்லாமல் பூசி மெழுகிக்கொண்டிருந்தது.

இன்றைய பேச்சு அந்தப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்பதற்காக.

எந்தத் தேர்வு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1999-இல் தொடங்கப்பட்ட லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம், ‘வெப் டெவலப்மெண்ட் எசென்ஷியல்ஸ்’ என்று ஒரு தொடக்கநிலைத் தேர்வு நடத்துகிறது. தேர்வு எண் 030-100. நாற்பது கேள்விகள், அறுபது நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். மதிப்பெண் 200-இலிருந்து 800 வரை. 500 வாங்கினால் தேர்ச்சி. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. பாடங்களை அந்த நிறுவனமே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஐந்து பிரிவுகள்: மென்பொருளும் வலைத் தொழில்நுட்பமும் பற்றிய அடிப்படை, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், கடைசியாக நோட்ஜேஎஸ் சர்வரும் அதனோடு ஒட்டிய தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லும். மைக்ரோசாஃப்ட் இதே நிலையில் நடத்திவந்த ‘டெக்னாலஜி அசோசியேட்’ தேர்வுகள் 2022 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டன. பழைய புத்தகக் கடையில் அவற்றின் வழிகாட்டி நூல் மலிவாகக் கிடைத்தால், வாங்குமுன் அட்டையை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஐந்து பிரிவுகளையும் தனித்தனிப் பாடங்களாக நினைத்து வரிசையாக மனப்பாடம் செய்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். வேறு விதமாகவும் பார்க்கலாம். எழுதுகிறவர் தப்பு செய்தால் ஒவ்வொன்றும் அவரை எப்படி நடத்துகிறது? எச்டிஎம்எல் திருத்திக் கொடுக்கும். சிஎஸ்எஸ் கண்டும் காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்ட் சில நேரம் தானாக ஊகிக்கும், சில நேரம் நின்றுவிடும். எஸ்க்யூஎல் சொன்னதைச் சொன்னபடியே செய்து தொலைக்கும். குணம் தெரிந்துவிட்டால் கேள்வி எந்த இடத்தில் கால் வாரும் என்பதும் தெரிந்துவிடும்.

எச்டிஎம்எல்லுக்கு இந்தத் தாராள மனசு பிறவிக் குணம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் வலைக்கான தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ‘தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது’ என்ற பொருளில் மேலதிகாரி மைக் செண்டால் அதன் மேல் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். 1991-இல் வெளியான முதல் விளக்கக் குறிப்பில் இருந்தவை வெறும் 18 டேகுகள். எழுதப்போகிறவர்கள் இயற்பியல்காரர்கள், கையால் தட்டுவார்கள், தப்பும் விடுவார்கள். பின்னால் பிரவுசர்கள் பெருகி ஒன்றோடு ஒன்று போட்டி போட்டபோது இந்தத் தாராளம் இன்னும் கூடியது. பிழையுள்ள பக்கத்தைக் காட்ட மறுக்கும் பிரவுசரை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஒரு முறை கண்டிப்பும் முயன்று பார்க்கப்பட்டது. 2000 ஜனவரியில் எக்ஸ்எச்டிஎம்எல் வந்தது. திறந்த டேகை மூடியே ஆக வேண்டும், பெயர்கள் சிறிய எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். அதை அதற்குரிய முறையில் சர்வர் அனுப்பினால், ஒரே ஒரு பிழைக்கு முழுப் பக்கமும் போய், ஃபயர்பாக்ஸில் மஞ்சள் நிறப் பிழைத்திரை வந்து நிற்கும். வாசகர் செய்தி படிக்க வந்தவர். பக்கம் எழுதினவர் ஒரு குறியை மூட மறந்ததற்கு வாசகருக்கு ஏன் தண்டனை? எக்ஸ்எச்டிஎம்எல்லின் இரண்டாம் பதிப்பு வேலை 2009-இல் கைவிடப்பட்டது. மாற்றாக வந்த எச்டிஎம்எல்5 எதிர்த்திசையில் போனது: எந்தப் பிழையை எப்படித் திருத்த வேண்டும் என்பதையே விதியாக எழுதிவைத்தது. அது 2014 அக்டோபரில் அதிகாரப்பூர்வப் பரிந்துரையானது. இன்று எல்லாப் பிரவுசரும் ஒரே பிழையை ஒரே மாதிரி மெழுகுகின்றன.

ஒரு மளிகைக் கடைக்குப் பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பத்திக்கு உரிய பி டேகைத் திறந்து ‘இன்று வந்த சரக்கு’ என்று எழுதி, அதற்குள்ளேயே யுஎல் பட்டியல் போட்டு, அரிசி, துவரம்பருப்பு, மிளகாய் என்று அடுக்கி, கடைசியில் பி-யை மூடுகிறார் மாணவர். திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பிறகு பத்திக்கு மஞ்சள் பின்னணி கொடுக்கிறார். முதல் வரி மட்டும் மஞ்சளாகிறது. பட்டியல் வெள்ளையாகவே கிடக்கிறது. அரை மணி நேரம் சிஎஸ்எஸ்ஸைக் குடைகிறார். கோளாறு அங்கே இல்லை. பத்திக்குள் பட்டியல் இருக்கக்கூடாது என்பது எச்டிஎம்எல் விதி. பட்டியல் தொடங்கியதைப் பார்த்ததுமே பிரவுசர் பத்தியைத் தானாக மூடிவிட்டது. கடைசியில் அவர் எழுதிய மூடும் குறிக்கு ஜோடி இல்லாமல் போனதால், அதற்கென்று ஒரு வெற்றுப் பத்தியையும் உண்டாக்கி வைத்துவிட்டது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்தால் ‘வியூ பேஜ் சோர்ஸ்’ என்று ஒன்றும் ‘இன்ஸ்பெக்ட்’ என்று ஒன்றும் வரும். முன்னது மாணவர் எழுதியது. பின்னது பிரவுசர் புரிந்துகொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பத்து அத்தியாயம் படித்தாலும் வராத தெளிவு வரும். அட்டவணைக்குள் வரிசையும் கட்டமும் இல்லாமல் வெறும் எழுத்தைப் போட்டுப் பாருங்கள்: பந்தியில் இலை இல்லாதவரைத் திண்ணைக்கு அனுப்புவது போல, பிரவுசர் அந்த எழுத்தை அட்டவணைக்கு வெளியே, அதற்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கும்.

சிஎஸ்எஸ் திருத்துவதில்லை, ஒதுக்கிவிடும். ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் முன்வைத்து, 1996 டிசம்பரில் முதல் பதிப்பாக வந்த மொழி இது. தனக்குப் புரியாத வரியைப் பிரவுசர் தாண்டிப் போக வேண்டும் என்பது ஆரம்பம் முதலே அதன் விதி. நாளைக்குப் புதுப் பண்பு ஒன்று சேர்ந்தாலும் பழைய பிரவுசர் நொறுங்கிவிடக்கூடாது என்ற முன்யோசனை. நல்ல யோசனைதான். கற்கிறவருக்கு மட்டும் அது குழி. நம் பள்ளிக்கூடங்களில் ‘கலர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரிட்டிஷ் முறைப்படி யு சேர்த்து எழுதப் பழக்குகிறார்கள். சிஎஸ்எஸ்ஸுக்கு அமெரிக்க எழுத்துக்கூட்டல்தான் தெரியும். யு சேர்த்தால் நிறம் மாறாது, எச்சரிக்கையும் திரையில் வராது. ‘சென்டர்’ கதையும் இதேதான். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர்தான் இதில் முதலில் மாட்டுகிறார்.

இதைவிட மோசமானது ஒரு அரைப்புள்ளி. ‘எழுத்து சிவப்பு’ என்ற வரியின் கடைசியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டு அடுத்த வரியில் ‘பின்னணி மஞ்சள்’ என்று எழுதினால், பிரவுசர் இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்துப் படித்து, அர்த்தமில்லை என்று இரண்டையும் தூக்கிப் போட்டுவிடும். ஒரு புள்ளிக்கு இரண்டு வரி காவு. இன்ஸ்பெக்டில் பார்த்தால் அந்த வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் சிறிய மஞ்சள் முக்கோணம் தெரியும்.

தேர்வுகளுக்கு மிகவும் பிடித்த சிஎஸ்எஸ் கணக்கு ஒன்று உண்டு. பெட்டியின் அகலம் 300 பிக்சல், உள்இடைவெளி சுற்றிலும் 20, எல்லைக்கோடு 5. திரையில் அந்தப் பெட்டி எத்தனை பிக்சல் அகலம்? 300 என்று விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுகிறவர்கள் உண்டு. சரியான விடை 350. சொன்ன அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டும்; இருபுறமும் 20 வீதம் 40, இருபுறமும் 5 வீதம் 10 அதன்மேல் ஏறும். ‘பார்டர்-பாக்ஸ்’ என்று அறிவித்திருந்தால் மொத்தமே 300-க்குள் அடங்கி, உள்ளடக்கத்துக்கு 250 மிஞ்சும். வெளிஇடைவெளியான மார்ஜின் இரண்டு கணக்கிலும் சேராது. எந்த விதி எந்த விதியை மீறும் என்பதும் இப்படிக் கணக்குதான்: ஐடி சொன்னது கிளாஸ் சொன்னதை மீறும், கிளாஸ் சொன்னது வெறும் டேகுக்குச் சொன்னதை மீறும். இதற்குமேல் நுணுக்கம் இந்தத் தேர்வுக்கு அதிகம் வேண்டியதில்லை.

எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் எச்டிடிபி தலைப்புக்கு ‘ரெஃபரர்’ என்று பெயர். அந்தச் சொல்லில் ஒரு ‘ஆர்’ விட்டுப்போனது. 1996-இல் வெளியான விதியேட்டிலும் அப்படியே அச்சாகி, இன்றுவரை உலகத்தின் பிரவுசர்கள் எல்லாம் பிழையான எழுத்துக்கூட்டலோடுதான் அதை அனுப்புகின்றன. சரியாக எழுதினால்தான் தேர்வில் தப்பு.

இனி ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1995 மே மாதம் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அவசரத்தின் தழும்புகள் இன்னும் மொழியில் இருக்கின்றன. ‘நல்’ என்ற வெறுமையின் வகை என்ன என்று கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று பதில் சொல்லும். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். திருத்தினால் ஏற்கெனவே ஓடுகிற தளங்கள் உடையும் என்பதால் விட்டுவிட்டார்கள். தேர்வில் கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்றே எழுத வேண்டும்.

மளிகைக் கடைக்குத் திரும்பலாம். படிவத்தில் பொருளின் விலை 120 என்றும் வண்டிக்கூலி 30 என்றும் வாடிக்கையாளர் நிரப்புகிறார். மாணவர் இரண்டையும் எடுத்துக் கூட்டுகிறார். மொத்தம் 12030 ரூபாய் என்று வருகிறது. கட்டத்திலிருந்து எடுக்கிற மதிப்பு எண்ணைப் போலத் தெரிந்தாலும் அது எழுத்துச் சரம். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டிவிடும். அதே இரண்டைக் கழிக்கச் சொன்னால் ஒழுங்காக 90 என்று சொல்லும். கழித்தலுக்கு ஒட்டுகிற பொருள் கிடையாது, ஆகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கூட்டலில் தப்பாக ஊகிக்கும், கழித்தலில் சரியாக ஊகிக்கும். இப்படிப்பட்ட ஆளை நம்பிக் கல்லாவை ஒப்படைக்க முடியாது. ‘நம்பர்’ என்ற செயற்கூறால் முதலிலேயே எண்ணாக மாற்றிக்கொள்வதும், ஒப்பிடும்போது இரண்டு சமன் குறிக்குப் பதில் மூன்று சமன் குறி போடுவதும் இதற்காகத்தான்.

ஊகிக்க வழியே இல்லாத இடத்தில் அது நின்றுவிடும். ஐடி-யைக் கொண்டு பக்கத்தின் ஒரு பகுதியை எடுக்கும் கட்டளையின் கடைசியில் ஐ பெரிய எழுத்து, டி சிறிய எழுத்து. இரண்டையும் பெரிய எழுத்தாகப் போட்டால் கன்சோலில் சிவப்பு வரி வரும், அதற்குக் கீழே உள்ள எதுவும் ஓடாது. எச்டிஎம்எல் டேகுகளில் பெரிது சிறிது பேதமில்லை, ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. இந்தச் சிவப்பு வரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் ஐந்து பிரிவுகளிலும் கற்கிறவரிடம் நேர்மையாக நடந்துகொள்வது அந்தச் சிவப்பு வரிதான். எந்த வரி, எந்த இடம், என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்கிறது.

தமிழில் பக்கம் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். பெயர்க் கட்டத்துக்கு 10 எழுத்து வரம்பு வைத்தால் கிருஷ்ணமூர்த்திக்கு இடம் போதாது. நாம் எண்ணினால் எட்டே எழுத்து. கணினி எண்ணினால் பதினைந்து. பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் அந்த ஒற்றை வரி விட்டுப்போனால் தமிழ் முழுவதும் கிறுக்கலாக வரலாம். ஆங்கிலத்தில் படிப்பவர் அந்த வரியைச் சடங்காக எழுதுவார். தமிழில் எழுதிப் பழகியவருக்கு அது எதற்கு என்று ஒரே நாளில் புரிந்துவிடும்.

கடைசிப் பிரிவில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அதுவரை எல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடந்தது. ரயன் டால் 2009-இல் வெளியிட்ட நோட்ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே சர்வரில் ஓட வைத்தது. படிவத்தை நிரப்பி அனுப்பினால் சர்வருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கட்டத்துக்கு ‘நேம்’ என்ற பண்பு கொடுத்திருக்கிறார்களா என்பதை. ஐடி மட்டும் இருந்தால் பிரவுசர் அந்தக் கட்டத்தின் மதிப்பை அனுப்பவே அனுப்பாது. திரையில் கட்டம் அழகாக நிற்கும், தட்டினால் எழுத்தும் ஏறும். அடுத்து, ‘கெட்’ முறையில் அனுப்பினால் விவரம் முகவரியிலேயே தொங்கிக்கொண்டு போகும். ‘போஸ்ட்’ முறையில் உள்ளுறையாகப் போகும். அந்த உறையைப் பிரிக்க, நோட்ஜேஎஸ்ஸோடு சேர்த்துப் பயன்படுத்தும் எக்ஸ்பிரஸ் என்ற சட்டகத்துக்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் ‘அன்டிஃபைன்ட்’தான்.

எஸ்க்யூஎல்லுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே திருத்துவாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. புழுங்கலரிசி விலையை 62 ஆக்கு என்று கட்டளை எழுதி, எந்த வரிசைக்கு என்று சொல்லும் ‘வேர்’ பகுதியை மறந்துவிட்டால், கடையில் உள்ள மிளகும் ஏலக்காயும் முந்திரியும் 62 ரூபாய்க்கு வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் கட்டளையில் பிழையே இல்லை. நீக்கும் கட்டளையில் அதே மறதி நேர்ந்தால் கடையே காலி. வாடிக்கையாளர் தட்டியதை அப்படியே கட்டளைக்குள் ஒட்டினால் இன்னும் ஆபத்து: பெயர் கேட்ட கட்டத்தில் அவர் கட்டளையையே தட்டிவிட முடியும். கேள்விக்குறி போட்டு இடம் விட்டு, மதிப்பைத் தனியாக ஒப்படைக்கும் பழக்கம் அதனால் வந்தது.

ஆக, தயாராவது எப்படி? ஒரு சின்னப் பக்கத்தை எடுத்து வேண்டுமென்றே உடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு உடைப்பு போதும். உடைக்குமுன் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு, பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதியதும் நடந்ததும் வேறாக இருக்கிற இடங்கள்தான் தேர்வில் மதிப்பெண் போகிற இடங்கள். எச்டிஎம்எல் விதிகளை வகுத்த டபிள்யூ3சி அமைப்பே இலவசமாக ஒரு சரிபார்ப்புக் கருவி வைத்திருக்கிறது. பிரவுசர் மறைத்ததையெல்லாம் அது பட்டியல் போட்டுக் காட்டும். இன்றைய எடிட்டர்கள் டேகைத் திறந்தவுடன் தாங்களே மூடியும் விடுகின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் எழுதித் தந்துவிடும். வேலைக்கு இவை நல்ல கூட்டாளிகள். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் இவற்றை அணைத்து வைப்பது உத்தமம்.

வினாத்தொகுப்பு என்ற பெயரில் பணத்துக்கு விற்கப்படும் கோப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. கேள்விகளை வெளியிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வுக்கு உட்காருகிறார்கள். ஆகவே அந்தக் கோப்பு திருட்டு, அல்லது கற்பனை. இரண்டுமே காசுக்கு ஆகாது. சான்றிதழ் கையில் வந்தாலும் அதை மட்டும் காட்டி வேலை கிடைத்துவிடும் என்று யாரும் ஆசை காட்டக்கூடாது. நேர்காணலில் நீங்கள் செய்த பக்கத்தைத் திறந்து காட்டுங்கள் என்பார்கள். நோட்டில் உடைப்புகளை எழுதிவைத்தவருக்கு அன்றைக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் பார்ப்பதற்கு ஒரு பக்கம். உலகின் முதல் வலைத்தளத்தை 2013-இல் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. இன்று அங்கே இருப்பது 1992-ஆம் ஆண்டு நகல். வலது கிளிக் செய்து அதன் மூலத்தைப் பாருங்கள். தொடக்க அறிவிப்பு இல்லை. எச்டிஎம்எல் என்ற டேகே இல்லை. ‘ஹெட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹெடர்’ என்று இருக்கிறது. ‘நெக்ஸ்ட்ஐடி’ என்று இன்று வழக்கொழிந்த ஒரு டேகும் கிடக்கிறது. தேர்வில் இப்படி எழுதினால் பூஜ்யம். பிரவுசரில் அந்தப் பக்கம் இன்றைக்கும் நொடியில் திறக்கிறது.